டேங்கில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது? விமான எரிபொருள் கணக்கைப் பிசகாமல் கைமாற்றும் முறை

"ஒன்பதாயிரத்து அறுநூறு போடுங்க."

ஒரு இரவு ஷிஃப்டில் என் காதுபட விழுந்த இந்த ஒரு வரியால் விமானம் ஒன்று ஒன்றரை மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. சொன்னவர் நினைத்தது, டேங்கில் மொத்தம் 9,600 கிலோ இருக்க வேண்டும் என்று. கேட்டவர் புரிந்துகொண்டது, இருப்பதோடு இன்னும் 9,600 கிலோ சேர்க்க வேண்டும் என்று. அவரைக் குறை சொல்லவும் முடியாது. நம் பேச்சில் 'போடு' என்றால் சேர்ப்பதுதான். கூடுதலாகப் போனதைத் திரும்ப உறிஞ்சி எடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. தனி வண்டி வர வேண்டும், தனித் தாள்கள் எழுத வேண்டும். அன்றைக்கு நேரம் மட்டும்தான் நஷ்டம். குறைவாகப் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1983-இல் கனடாவில் நடந்த ஒன்று இருக்கிறது. இந்த வழிகாட்டி முழுவதும் அதைத்தான் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசப் போகிறேன்.

விமானங்கள் நிற்கும் தளமான ராம்பில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், பயணத் திட்டம் போடும் ஃப்ளைட் டிஸ்பாட்ச் படிப்பவர்கள், பைலட் பயிற்சியில் இருப்பவர்கள், ஜன்னலோரம் உட்கார்ந்து இறக்கைக்கு அடியில் குழாய் மாட்டுவதை வேடிக்கை பார்ப்பவர்கள் என்று எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். வரம்புகளும் படிவங்களும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நான் சொல்வதும் உங்கள் மேனுவல் சொல்வதும் மோதினால், மேனுவல்தான் சரி.

முதலில் அந்த மான்ட்ரியல் கணக்கு

1983 ஜூலை 23. ஏர் கனடா 143, மான்ட்ரியலில் கிளம்பி ஒட்டாவா வழியாக எட்மன்டன் போக வேண்டும். விமானம் போயிங் 767, அப்போது புத்தம் புது வகை. அந்த நிறுவனத்தில் எரிபொருளைக் கிலோகிராமில் கணக்கிட்ட முதல் விமான வகையும் அதுதான். மற்ற விமானங்கள் எல்லாம் பவுண்டில் ஓடிக்கொண்டிருந்தன. அன்று காக்பிட்டில் எரிபொருள் கேஜ்கள் வெறுமையாக இருந்தன. அதனால் இறக்கைக்கு அடியில் இருக்கும் டிரிப்ஸ்டிக் என்ற அளவுக்குச்சியை இறக்கி, கையால் அளந்தார்கள். ஒரு பக்கம் 62 சென்டிமீட்டர், மறுபக்கம் 64. அட்டவணையில் பார்த்தால் 3,758 லிட்டரும் 3,924 லிட்டரும். ஆக இருப்பு 7,682 லிட்டர்.

இதுவரை எந்தப் பிழையும் இல்லை.

தேவை 22,300 கிலோ. லிட்டரைக் கிலோவாக்க 1.77-ஆல் பெருக்கினார்கள். 13,597 வந்தது. 22,300-இல் அதைக் கழித்தால் 8,703. அதைத் திரும்ப 1.77-ஆல் வகுத்து, ஏறக்குறைய 4,917 லிட்டர் போதும் என்று முடிவு செய்தார்கள். பெருக்கல் சரி, கழித்தல் சரி, வகுத்தலும் சரி. 1.77-உம்கூட ஒரு வகையில் சரியான எண்தான்: அன்றைய எரிபொருள் ஒரு லிட்டர் 1.77 பவுண்டு இருந்தது. கிலோவில் சொன்னால் 0.803.

சரியான எண்ணைப் போட்டுப் பார்ப்போம். 7,682 லிட்டர் என்பது 6,169 கிலோ. இன்னும் 16,131 கிலோ வேண்டும், அதாவது 20,088 லிட்டர். போட்டது அதில் கால்வாசி. விமானம் கிளம்பியபோது டேங்கில் இருந்தது சுமார் 10,100 கிலோ. 22,300 கிலோ கேட்ட விமானத்துக்கு 22,300 பவுண்டு கிடைத்தது.

படி 1: இது யார் வேலை?

கால்குலேட்டரை எடுப்பதற்கு முன் இதைத் தீர்த்துவிடுங்கள். பழைய விமானங்களில் காக்பிட்டில் மூன்றாவதாக ஃப்ளைட் எஞ்சினியர் என்று ஒருவர் இருப்பார். எரிபொருள் கணக்கு அவர் தலையில்தான். 767-இல் இரண்டு பேர் மட்டுமே. அந்த மூன்றாவது நாற்காலியை எடுத்தபோது, அதில் உட்கார்ந்திருந்தவரின் வேலை யாருக்குப் போகிறது என்பதைத் தெளிவாக எழுதி வைக்கவில்லை. தரைப் பணியாளர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விமானிகளும், விமானிகள் பார்த்துக்கொள்வார்கள் என்று தரைப் பணியாளர்களும் நினைத்துக்கொள்ள இடம் இருந்தது. நீதிபதி ஜார்ஜ் லாக்வுட் தலைமையிலான விசாரணை, நிர்வாகத்தின் தவறு என்று இதைத்தான் அழுத்திச் சொன்னது.

ஆகவே ஷிஃப்ட் தொடங்கும்போதே கேளுங்கள்: இன்று லிட்டர் கணக்கைப் போடுவது யார், அதைப் பார்க்காமல் இரண்டாவது முறை தனியாகப் போடுவது யார், எரிபொருள் போட்டதற்கான ஸ்லிப்பில் கையெழுத்து யாருடையது. கேட்டால் சீனியர்கள் சிலர் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

படி 2: எண்ணைத் தனியாக அனுப்பாதீர்கள்

எரிபொருள் எண் எப்போதும் இரண்டு சொற்களைத் துணைக்கு வைத்துக்கொண்டுதான் வெளியே போக வேண்டும். ஒன்று, அது மொத்தமா, சேர்க்க வேண்டியதா. இன்னொன்று, அலகு. "டோட்டல் 9,600 கிலோ." "அப்லிஃப்ட் 8,100 லிட்டர்." தாளில் எழுதினாலும் அப்படியே. வெறும் '9600' என்று உள்ளங்கையில் கிறுக்கிக்கொண்டு பவுசரை (எரிபொருள் வண்டியை) நோக்கி ஓடும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், இன்றோடு விட்டுவிடுங்கள்.

வாயால் சொல்லும்போது இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள்: "நைன், சிக்ஸ், ஸீரோ, ஸீரோ கிலோ." வால்பகுதியில் ஏபியு (தரையில் மின்சாரம் தரும் சின்ன எஞ்சின்) இரைந்துகொண்டிருக்கும்போது 'சிக்ஸ்டீன்' எது, 'சிக்ஸ்டி' எது என்று காதுக்குத் தெரியாது. தமிழிலும் அதே சங்கடம் உண்டு; 'எழுபது', 'எண்பது' இரண்டையும் இரைச்சலில் சொல்லிப் பாருங்கள். கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் தலையாட்டினாலோ, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாலோ, "ஓகே சார்" என்றாலோ போதாது. எண், அலகு, மொத்தமா சேர்ப்பதா என்ற மூன்றும் அவர் வாயிலிருந்து வர வேண்டும்.

கடைசி நிமிட மாற்றம்தான் இதில் பெரிய வில்லன். டிஸ்பாட்ச் தாளில் 9,600 இருக்கும். வானிலையைப் பார்த்துவிட்டு கேப்டன் 500 கூட்டுவார். "ஐந்நூறு எக்ஸ்ட்ரா" என்று மட்டும் கீழே செய்தி போகும். ஏற்கெனவே ஒருவர் கூட்டிச் சொல்லியிருந்தால் இரண்டு முறை கூடிவிடும். யாரும் சொல்லவில்லை என்றால் விட்டுப்போகும். மாற்றம் வந்தால் வித்தியாசத்தைச் சொல்லாதீர்கள், புது மொத்தத்தைச் சொல்லுங்கள்: "ரிவைஸ்டு டோட்டல் 10,100 கிலோ." பழைய எண்ணை எல்லாத் தாளிலும் குறுக்குக் கோடு போட்டு அடியுங்கள்.

படி 3: இருப்பைக் குழாய் மாட்டுவதற்கு முன்பே குறித்துக்கொள்ளுங்கள்

விமானம் வந்து நின்றதும் கேஜ் காட்டும் அளவு, முந்தைய விமானிகள் பதிவில் எழுதிவிட்டுப் போன மீதி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டும் நெருங்கி இருக்க வேண்டும். இடையில் ஏபியு ஓடியிருந்தால் அது தின்றதைக் கழித்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரே நடைபாதை உள்ள ஜெட்களில் மணிக்கு 100 கிலோ அளவில் என்று வைத்துக்கொண்டால் ஒரு தோராயம் கிடைக்கும். குழாய் மாட்டிய பிறகு இந்த எண் உங்களுக்குக் கிடைக்காது. படி 6 முழுக்க இதை நம்பித்தான் நிற்கிறது.

படி 4: டென்சிட்டி

வீட்டு அடுக்களைக்குப் போய் எண்ணெய் பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். ஒரு லிட்டர் என்று பெரிதாகப் போட்டிருக்கும், பக்கத்திலேயே 910 கிராம் என்று சின்னதாக இருக்கும். செக்குக் கடையில் "ஒரு கிலோ நல்லெண்ணெய்" வாங்குபவரும் "ஒரு லிட்டர்" வாங்குபவரும் ஒரே அளவு வாங்குவதில்லை. விமானத்திலும் இதே கதைதான். பவுசரின் மீட்டர் ஓடுவது லிட்டரில். விமானத்துக்கு வேண்டியது எடை, ஏனென்றால் எஞ்சின் எரிப்பதும் இறக்கை சுமப்பதும் எடையைத்தான். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர்தான் டென்சிட்டி, அதாவது ஒரு லிட்டரின் எடை.

ஜெட் ஏ-1 எரிபொருளின் டென்சிட்டி 15 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு 0.775 முதல் 0.840 கிலோ வரை இருக்கலாம். சூடானால் எரிபொருள் விரியும், டென்சிட்டி குறையும். 20 டிகிரி ஏறினால் ஏறத்தாழ 2 சதவீதம். 20,000 லிட்டர் போடும் இடத்தில் அது 300 கிலோவுக்கு மேல். அதனால் நேற்றைய எண்ணை இன்று போடாதீர்கள். பவுசர் ஸ்லிப்பில் இன்று, இந்த வண்டிக்கு, என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, அலகோடு எடுத்து எழுதுங்கள். அமெரிக்காவில் வேலை செய்தால் கேலனும் பவுண்டும் வரும்: ஒரு கேலன் 3.785 லிட்டர், ஒரு கேலன் ஜெட் எரிபொருள் 6.7 பவுண்டு அளவில் இருக்கும்.

இப்போது மான்ட்ரியலுக்குத் திரும்புவோம். 1.77 என்ற எண் தாளில் 'ஸ்பெசிஃபிக் கிராவிட்டி' என்ற பெயரில் புழங்கியது. பவுண்டில் ஓடும் மற்ற விமானங்களுக்கு அதே எண்ணைத்தான் எல்லோரும் வருடக்கணக்கில் பயன்படுத்தி வந்தார்கள். பார்த்துப் பழகிய எண். "1.77 என்ன?" என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும். ஆனால் பழகிய எண்ணை யாரும் விசாரிப்பதில்லை.

ஜெட் எரிபொருள் என்பது அடிப்படையில் நம் ரேஷன் கடை மண்ணெண்ணெயின் சுத்தமான உறவுக்காரர். மண்ணெண்ணெய் தண்ணீரில் மிதக்கும். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. அப்படியென்றால் கிலோ-லிட்டர் கணக்கில் டென்சிட்டி ஒன்றைத் தாண்டவே முடியாது. கையில் இருக்கும் எண் ஒன்றைவிடப் பெரிதாக இருந்தால், அது கிலோ இல்லை. இந்த ஒரு சோதனைக்குக் கால்குலேட்டர்கூட வேண்டாம். எனக்குப் பயிற்சி கொடுத்தவர் கையில் தேநீர் கிளாஸோடு நின்றபடி இதைச் சொன்னார். அப்புறம் எந்த டென்சிட்டியைப் பார்த்தாலும் எனக்கு அந்தக் கிளாஸ்தான் ஞாபகம் வருகிறது.

படி 5: நிரப்புதல்

இதை வேகமாகக் கடந்துவிடலாம், ஏனென்றால் இங்கே மனிதர்கள் பொதுவாகக் கவனமாகத்தான் இருக்கிறார்கள். எரிபொருள் வகை சரியா, நிலைமின் பொறி வராமல் தடுக்கும் பாண்டிங் கேபிள் மாட்டியாயிற்றா, தண்ணீர்ச் சோதனை முடிந்ததா, வண்டி மீட்டரின் தொடக்க எண் என்ன. விமானத்தின் பேனலில் மொத்த அளவைக் கிலோவில் செட் செய்தால், பெரும்பாலான நவீன ஜெட்களில் வால்வு தானாக மூடிக்கொள்ளும். இந்த வசதியில் ஒரு சின்னக் கண்ணி உண்டு: விமானம் தன் கேஜை நம்பித்தான் வால்வை மூடுகிறது. கேஜ் பொய் சொன்னால் வால்வும் அந்தப் பொய்யின்படியே மூடும்.

படி 6: இரண்டு வழியில் கூட்டிப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்வேன் என்றால், இந்தப் படியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் உதாரணம்:

இறங்கியபோது இருப்பு 3,200 கிலோ. வேண்டிய மொத்தம் 9,600 கிலோ. ஸ்லிப்பில் டென்சிட்டி 0.790. சேர்க்க வேண்டியது 6,400 கிலோ, 0.790-ஆல் வகுத்தால் 8,101 லிட்டர். நிரப்பி முடித்த பிறகு வண்டி மீட்டர் 8,100 லிட்டர் காட்டுகிறது. 0.790-ஆல் பெருக்கினால் 6,399. அதோடு 3,200 சேர்த்தால் 9,599 கிலோ இருக்க வேண்டும். காக்பிட் கேஜ் 9,540 காட்டுகிறது. குறைவு 59 கிலோ. அரை மணி நேரமாக ஏபியு ஓடிக்கொண்டிருந்தது. சரி, கணக்கு பொருந்துகிறது.

இதில் முக்கியம் என்னவென்றால், வண்டி மீட்டரும் விமான கேஜும் ஒன்றையொன்று தெரியாத இரண்டு சாட்சிகள். இருவரும் ஒரே கதையைச் சொன்னால் நம்பலாம். வித்தியாசம் உங்கள் மேனுவல் அனுமதிக்கும் அளவைத் தாண்டினால் அங்கேயே நிறுத்துங்கள். "மீட்டர் கொஞ்சம் அப்படித்தான்" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

2005 ஆகஸ்ட் 6 அன்று இத்தாலியின் பாரியிலிருந்து ஜெர்பாவுக்குக் கிளம்பிய டுனின்டர் 1153, ஏடிஆர் 72 வகை விமானம். முந்தைய நாள் அதன் எரிபொருள் காட்டும் கருவியை மாற்றியிருந்தார்கள். மாட்டியது அதைவிடச் சிறிய ஏடிஆர் 42-க்கான கருவி. பார்க்க ஒன்றுபோல இருக்கும், அதே இடத்தில் பொருந்தும், ஆனால் இருப்பதைவிட மிக அதிகமாகக் காட்டும். கருவி மாற்றியதும் கேஜில் அளவு திடீரென்று ஏறியிருந்தது, அதற்கான ஸ்லிப் இல்லை. யாரோ நிரப்பியிருப்பார்கள், ஸ்லிப் எங்கோ இருக்கும் என்று விமானம் கிளம்பியது. நடுவழியில் இரண்டு எஞ்சினும் நின்றன. டேங்க் காலியான பிறகும் கேஜ் 1,800 கிலோ காட்டிக்கொண்டிருந்தது. பலேர்மோவுக்கு அருகே கடலில் இறங்கியதில், 39 பேரில் 16 பேர் இறந்தார்கள்.

ஸ்லிப் இல்லாமல் ஏறிய எரிபொருள் என்று ஒன்று கிடையாது. கேஜ் ஏறியிருக்கிறது, தாள் இல்லை என்றால், தாள் கைக்கு வரும் வரை அந்த எரிபொருள் டேங்கில் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: கேஜ் வேலை செய்யவில்லை என்றால்

முதல் கேள்வி, பறக்கவே அனுமதி இருக்கிறதா என்பது. எம்இஎல் என்று சொல்லும் குறைபாட்டுப் பட்டியலைத் திறந்து வரிவரியாகப் படியுங்கள். 143-இல் நடந்த குழப்பம் இங்கேதான் தொடங்கியது. எரிபொருள் அளக்கும் கருவியில் இரண்டு சேனல்கள் உண்டு. ஒன்று பழுதானதால், எட்மன்டனில் ஒரு டெக்னீஷியன் அந்தச் சேனலின் சர்க்யூட் பிரேக்கரை இழுத்துவிட்டார். மற்றதை வைத்து கேஜ்கள் ஓடின. டிரிப்ஸ்டிக்கால் அளந்து சரிபார்த்துவிட்டு அப்படிப் பறக்கலாம். மான்ட்ரியலில் இன்னொருவர் சோதித்துப் பார்க்க அந்த பிரேக்கரை உள்ளே தள்ளினார், இடையில் கவனம் வேறு வேலைக்குப் போய்விட்டது, திரும்ப இழுக்க மறந்துவிட்டார். பழுதான சேனலுக்கு மறுபடி மின்சாரம் போனதில் கேஜ்கள் முழுதாக அணைந்தன. கேப்டன் ராபர்ட் பியர்சன் வந்து பார்த்தபோது பிரேக்கரில் பழுது என்ற அட்டை, கேஜ்கள் வெறுமை. முந்தைய கேப்டனோடு பேசியதில் இந்த விமானம் இப்படியேதான் வந்தது என்று அவர் புரிந்துகொண்டார். உண்மையில் அது ஓடும் கேஜ்களோடுதான் வந்தது. இரண்டு சேனலும் இல்லாமல் பறக்க எம்இஎல் அனுமதிக்கவில்லை.

ஆகவே பழுதைக் கைமாற்றும்போது "கேஜ் பிரச்சினை" என்று எழுதாதீர்கள். எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை, எந்த பிரேக்கர் எந்த நிலையில் இருக்க வேண்டும், இருந்தால் திரையில் என்ன தெரிய வேண்டும் என்று எழுதுங்கள். அடுத்தவர் வந்து பார்க்கும்போது எழுதியதும் கண்ணுக்குத் தெரிவதும் வேறாக இருந்தால், அவருக்கே உறைக்க வேண்டும்.

அனுமதி இருந்து, ஸ்டிக்கால் அளக்கிறீர்கள் என்றால், விமானம் சமமாக நிற்கிறதா, எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்த்துத் திருத்துங்கள். இரண்டு பேர் தனித்தனித் தாளில், தனித்தனி மூலையில் கணக்குப் போடுங்கள். மான்ட்ரியலில் பலர் அந்தக் கணக்கைப் பார்த்தார்கள், ஆனால் எல்லோரும் அதே 1.77-ஐ வைத்துத்தான் பார்த்தார்கள். ஒட்டாவாவில் மறுபடி அளந்தார்கள். 11,430 லிட்டர் வந்தது. மறுபடி பழைய எண். 20,000 கிலோவுக்கு மேல் இருப்பதாக முடிவு. இருந்தது 9,200 கிலோ அளவில். ஒரே தப்பான எண்ணை எத்தனை பேர் சரிபார்த்தாலும் அது ஒரே சோதனைதான். இரண்டாமவர் டென்சிட்டியையும் தானே ஸ்லிப்பிலிருந்து எடுக்க வேண்டும்.

படி 8: மேலே போன பிறகு

குறிப்பிட்ட இடைவெளியில் 'எரித்தது + மீதி = கிளம்பியபோது இருந்தது' என்று போட்டுப் பார்ப்பார்கள். இதில் மீதி என்பது கேஜிலிருந்து வர வேண்டும். 143-இல் கேஜ் இல்லாததால், விமானிகள் கையால் ஊட்டிய எண்ணிலிருந்து எரிந்ததைக் கழித்து, கணினி மீதியைக் காட்டிக்கொண்டிருந்தது. அது சாட்சி இல்லை, நாம் சொன்னதையே திருப்பிச் சொல்லும் கிளி. 41,000 அடியில், ஒன்டாரியோவின் ரெட் லேக் பக்கத்தில், எரிபொருள் அழுத்தம் குறைகிறது என்ற எச்சரிக்கை வந்தபோதும் அந்தக் கிளி தாராளமாக இருக்கிறது என்றுதான் சொன்னது. வின்னிபெக் நோக்கித் திரும்பினார்கள். இடது எஞ்சின் நின்றது, அப்புறம் வலதும்.

மீதி கதை பலருக்கும் தெரிந்ததுதான். வின்னிபெக் எட்டாது என்று தெரிந்ததும், துணை விமானி மாரிஸ் குவின்டால் தான் விமானப்படையில் இருந்தபோது பழகிய கிம்லி தளத்தைச் சொன்னார். அந்த ஓடுபாதையில் கார்ப் பந்தயம் நடக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. அன்று அங்கே கார் கிளப் குடும்பங்கள் கூடியிருந்தன. கிளைடர் ஓட்டிப் பழகிய பியர்சன், விமானத்தைப் பக்கவாட்டில் சாய்த்து உயரத்தைக் குறைத்து இறக்கினார். முன்சக்கரம் மடங்கியது. 69 பேரும் பிழைத்தார்கள். பத்துப் பேருக்குச் சிறு காயம், மூக்கு தரையில் பட்டு வால் தூக்கி நின்றதால் செங்குத்தாகிவிட்ட பின்பக்க அவசரச் சறுக்கில் இறங்கியதால் வந்தது. விமானத்தை இரண்டே நாளில் ஒட்டுப்போட்டு அங்கிருந்து பறக்கவிட்டார்கள். 2008 ஜனவரி வரை அது சேவையில் இருந்தது.

அதைப் பழுதுபார்க்க வின்னிபெக்கிலிருந்து மெக்கானிக்குகளை ஒரு வேனில் அனுப்பினார்களாம். பாதி வழியில் அந்த வேனில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்று ஒரு கதை சொல்வார்கள்.